இருபது மில்லிவினாடிக்குள் ஒரு காலடி

விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. எத்தனை விழிப்பாக உட்கார்ந்திருந்தாலும் விளக்கு எரிவதற்கும் விரல் அழுத்துவதற்கும் நடுவே ஏறக்குறைய 200 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, கழிந்துவிடும். விளக்குக்குப் பதில் மணியோசை என்றால் கொஞ்சம் முந்தலாம். 150 மில்லிவினாடியை ஒட்டி வரும். பயிற்சியால் இதைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, ஒழிக்க முடியாது. கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து தசைக்கும் செய்தி போய்ச் சேரவும், நடுவே மூளை அதைக் கையாளவும் ஆகிற நேரம் அது.

இனி ஒரு நடன விளையாட்டு இயந்திரத்தின் முன் வந்து நிற்போம். திரையின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறி வருகின்றன. மேல்விளிம்பில் நான்கு வெற்று அம்புகள் அசையாமல் நிற்கின்றன. ஏறிவரும் அம்பு தனக்குரிய வெற்று அம்பின்மேல் பொருந்துகிற கணத்தில், காலடியில் உள்ள அதே திசைப் பலகையை மிதிக்க வேண்டும். பாட்டின் தாளம் விழுவதும் அந்தக் கணத்தில்தான். மிதித்த நேரம் எவ்வளவு பிசகியது என்று இயந்திரம் அளந்து மதிப்பெண் போடுகிறது. ஸ்டெப்மேனியா என்ற இலவச மென்பொருளின் வழக்கமான அமைப்பில், உச்ச மதிப்பெண் வேண்டுமென்றால் குறித்த நேரத்துக்கு முன்னோ பின்னோ 22.5 மில்லிவினாடிக்குள் கால் விழ வேண்டும். 45க்குள் விழுந்தால் அடுத்த தரம். பிறகு 90, 135 என்று இறங்கி, 180ஐத் தாண்டினால் அந்த அடி தவறியதாகக் கணக்கு.

விளக்கைப் பார்த்து அழுத்தவே 200 மில்லிவினாடி கேட்கும் உடம்பு, 22 மில்லிவினாடிக்குள் எப்படிக் கால் வைக்கிறது? தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே பாட்டில் நூற்றுக்கணக்கான அடிகளை இப்படி வைக்கிறார்கள்.

அவர்கள் அம்புக்கு மறுவினை செய்வதில்லை என்பதுதான் விடை. நிமிடத்துக்கு 150 தட்டு விழும் பாட்டில் இரண்டு தட்டுகளுக்கு இடையே 400 மில்லிவினாடி இருக்கிறது. அதை நான்காகப் பிரித்து அடி வைக்கச் சொன்னால் இடைவெளி 100 மில்லிவினாடி. ஓர் அடியைப் பார்த்து மறுவினை செய்து முடிப்பதற்குள் அடுத்த அடி வந்து போயிருக்கும். ஆகவே மூளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்து, கால் போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுக் கட்டளை அனுப்புகிறது. அம்பு இலக்கை எட்டும் முன்பே கால் பாதி வழி வந்திருக்கும். திரையில் தெரியும் அம்பு, எந்தக் கால் என்று சொல்கிறது. எப்போது என்பதைப் பெரும்பாலும் பாட்டுதான் சொல்கிறது.

இப்படி ஓர் உடம்பு செய்யும் வேலையை அளக்கத் துணியும் கருவி, தானும் அந்த அளவுக்கு நேரம் தெரிந்ததாக இருக்க வேண்டும். வீட்டிலேயே நடன இயந்திரம் செய்கிறவர்கள் கற்றுக்கொள்ளும் அறிவியல் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது. பார்வைக்கு அது மரவேலையும் மின்வேலையும் சேர்ந்த ஒன்று. உள்ளுக்குள் அது கால அளவைக் கருவி.

வீட்டில் செய்வது எப்படிச் சாத்தியமானது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' இயந்திரத்தை விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. இடம், வலம், மேல், கீழ் என்று அதற்கு நான்கு பலகைகள். அடுத்த ஆண்டு தென்கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம், நான்கு மூலையும் நடுவுமாக ஐந்து பலகை கொண்ட 'பம்ப் இட் அப்' இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் எழுதித் திறந்துவைத்த ஸ்டெப்மேனியா, இந்த விளையாட்டைச் சாதாரணக் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டது. அது விளையாட்டுப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. 2004இல் வெளிவந்த 'இன் தி குரூவ்' என்ற கூட இயந்திரத்துக்குள் ஓடியதே ஸ்டெப்மேனியாதான். மென்பொருள் கைக்கு வந்துவிட்டது, பழைய கணினி போதும், திரையும் ஒலிபெருக்கியும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. மிச்சம் இருந்தது காலடிப் பலகை. உண்மையில் எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் குதித்து இறங்கும்போது அவர் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை ஒரு கணம் பலகையில் விழும். ஒட்டுப்பலகையில் உறுதியான அடித்தளம், அதை ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் சதுரங்களாக மூன்றுக்கு மூன்று பிரித்து ஒன்பது கட்டம், அவற்றில் நான்கு கட்டத்தில் மிதிபலகை, மற்றவற்றில் அசையாத தகடு. இதுதான் பொதுவான வடிவம். மேலே போடும் கண்ணாடி போன்ற தகட்டுக்கு அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் குதித்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளையுமே தவிர உடையாது. வளைவதும் தொல்லைதான் என்பதால் அதன் அடியில் ஒரு மரப்பலகையையும் சேர்த்துப் போடுவார்கள். பின்னால் இடுப்புயரத்தில் ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும், கால் வேகமாக நகரும்.

பலகைக்கு அடியில் ஸ்விட்ச். மிக எளிய வகையில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே விலக்கிப் பிடிக்க மெல்லிய நுரைப்பட்டை. மிதித்தால் தகடுகள் தொடும், விட்டால் நுரை தூக்கிவிடும். ஒரு தகடு தரைமுனையோடும் மற்றது சிறிய நுண்கட்டுப்படுத்திச் சில்லின் காலோடும் இணைந்திருக்கும். அந்தக் காலைச் சில்லின் உள்ளே இருக்கும் ஒரு பெரிய மின்தடை 5 வோல்ட்டை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். மிதிக்காதவரை 5 வோல்ட், மிதித்ததும் தரையோடு தொட்டு 0. சில் இந்த விழுச்சியைப் பார்த்து "மிதித்தாயிற்று" என்று கணினிக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எளிதாக இருந்தால் கட்டுரைக்கே வேலையில்லை. உலோகமும் உலோகமும் மோதும்போது ஒரே மோதலில் ஒட்டிக்கொள்வதில்லை. தொட்டுத் துள்ளி, மறுபடி தொட்டு, மறுபடி துள்ளி, பிறகுதான் அமர்கின்றன. இந்தத் தொடுமுனைத் துள்ளல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆஸிலாஸ்கோப் என்னும் அலைகாட்டியில் வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தை வரைந்து பார்த்தால்தான் சீப்புப் பற்கள் போல நிற்கும் கோடுகள் புலப்படும். அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கேன்ஸில் 18 வகை ஸ்விட்ச்சுகளை எடுத்து ஒவ்வொன்றையும் 300 முறை அழுத்தி இதை அளந்தார். பெரும்பாலானவற்றில் துள்ளல் சராசரியாக ஒன்றரை மில்லிவினாடி அளவுக்குத்தான் நீடித்தது. சிலவற்றில் ஆறு மில்லிவினாடி வரை போயிற்று. தொழிற்சாலையில் செய்த ஸ்விட்ச்சுகளின் கதையே இது. வீட்டில் வெட்டி ஒட்டிய தகடுகள் இதைவிட அதிகமாகவே துள்ளும்.

வினாடிக்குப் பல்லாயிரம் முறை பார்க்கக்கூடிய சில்லுக்கு ஒவ்வொரு துள்ளலும் தனித்தனி மிதி. ஓர் அடி வைத்தால் ஐந்து அடி என்று எண்ணிவிடும். இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, சமிக்ஞை சில மில்லிவினாடி நிலையாக நின்ற பிறகுதான் மிதி என்று ஒப்புக்கொள்வது. தட்டச்சுப் பலகைக்கு இது போதும். நடன இயந்திரத்துக்கு ஆகாது, ஏனென்றால் துள்ளல் எப்போது அடங்கியதோ அதைப் பொறுத்து அறிவிப்பு நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். இரண்டாவது வழி, முதல் தொடுகையிலேயே "மிதித்தாயிற்று" என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்து மில்லிவினாடி என்ன நடந்தாலும் கண்ணை மூடிக்கொள்வது. இதில் அறிவிப்பு எப்போதும் முதல் தொடுகையோடு ஒட்டியே நிற்கும். கண்மூடும் நேரம் ஆட்டத்தைப் பாதிக்காது. ஒரே பலகையைப் பத்து மில்லிவினாடிக்குள் இரண்டு முறை மிதிக்கும் கால் எவருக்கும் இல்லை.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒளிந்திருப்பது, இந்த இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான கருத்து. தாமதம் ஒன்று, தாமதத்தின் சிதறல் வேறொன்று. எல்லா அடியையும் சரியாக 30 மில்லிவினாடி பிந்தி அறிவிக்கும் இயந்திரம் நல்ல இயந்திரம். மென்பொருளில் 30ஐக் கழித்துவிட்டால் பிழை முழுவதும் தீர்ந்தது. ஓர் அடியை 2 மில்லிவினாடியிலும் அடுத்ததை 25 மில்லிவினாடியிலும் அறிவிக்கும் இயந்திரம் சராசரியில் அதைவிட வேகமானது, ஆனாலும் உதவாது. எதைக் கழிப்பது? புதிதாகச் செய்கிறவர்கள் வேகத்தைத் தேடிப் பணம் செலவழிக்கிறார்கள். தேட வேண்டியது ஒழுங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

பலகையின் இயக்கத்திலேயே சிதறல் ஆரம்பித்துவிடும். கால் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், ஒரு மில்லிவினாடியில் ஒரு மில்லிமீட்டர் கடக்கும். தகடுகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மூன்று மில்லிவினாடி. அது மாறாமல் இருந்தால் கவலையில்லை. பலகையின் நடுவில் மிதித்தால் ஒரு நேரத்திலும், ஓரத்தில் மிதித்து அது சாய்ந்தால் வேறொரு நேரத்திலும் தொடுகிறது என்பதுதான் தொந்தரவு. கூடங்களில் உள்ள இயந்திரங்களில் ஒவ்வொரு பலகைக்கும் நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு உணரிகள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. எந்த ஓரத்தில் கால் பட்டாலும் அருகில் ஓர் உணரி இருக்கும்.

அண்மைக் காலத்தில் ஆர்வலர்கள் உலோகத் தகடுகளை விட்டுவிட்டு அழுத்த உணரிகளுக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் ஏடுகள். ஒன்றில் ஒன்றையொன்று தொடாமல் பின்னிய மின்கடத்திக் கோடுகள், மற்றதில் அழுத்தினால் மின்தடை குறையும் ஒரு மைப்பூச்சு. தொடாதபோது மின்தடை பத்து லட்சம் ஓமுக்கு மேல் இருக்கும். அழுத்தினால் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கும். சில் அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். தாளளவு தடிமன்தான் என்பதால் பலகை அசையவே தேவையில்லை. இறங்கும் தூரம் போனால் இறங்கும் நேரமும் போயிற்று.

இனி எந்த எண்ணைத் தாண்டினால் மிதி என்று நாமே முடிவு செய்யலாம். 400 என்று வைத்தோம் என்று கொள்வோம். காலின் அழுத்தம் ஒரு சீராக ஏறி இறங்குவதில்லை. பலகையில் நிற்கும் காலே மெல்ல அசைந்துகொண்டிருக்கும், பக்கத்துப் பலகையில் விழும் அதிர்வும் இங்கே வந்து சேரும். எண் 395, 404, 398, 407 என்று எல்லையைச் சுற்றியே ஆடும்போது சில் மிதி, விடு, மிதி, விடு என்று பிதற்றும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் வைத்தவர்களுக்கு இதற்கான தீர்வு தெரிந்ததுதான். தொட்டியில் ஒரே ஒரு அளவுக்கோடு இருந்தால், தண்ணீர் அலையடிக்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று ஓடிக் கருகிவிடும். ஆகவே கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் ஓட வேண்டும், மேல்கோட்டை எட்டினால் நிற்க வேண்டும், நடுவில் இருக்கும்போது முன்பு என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே தொடர வேண்டும். பலகையிலும் அப்படியே: 400ஐத் தாண்டினால் மிதி, 350க்குக் கீழே இறங்கினால்தான் விடு. பள்ளிப் பாடத்தில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்போம். கடந்த நிலையை நினைவில் வைத்து நடந்துகொள்ளும் இந்தப் பண்பும் அதே தயக்கம்தான்.

இந்தத் தயக்கம் கொண்ட ஒரு மின்சுற்றை அமைத்தவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1934இல், மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிக் கிளம்புகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பும் ஓர் எல்லை வரை சும்மா இருந்து, எல்லையைத் தாண்டியதும் முழுத் துடிப்பாகப் பாயும். அதைப் பின்பற்றிச் செய்த சுற்று இன்று அவர் பெயரிலேயே வழங்கி, எண்ணிலடங்காத மின்னணுக் கருவிகளில் இருக்கிறது. நரம்பைப் பார்த்துச் செய்த சுற்று காலடிக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நரம்பிடம் நாம் திரும்பி வர வேண்டிய காரணமும் இருக்கிறது.

சில்லிடமிருந்து கணினிக்குச் செய்தி யூஎஸ்பி கம்பிவழிப் போகும். சில் தானாகப் பேச முடியாது. கணினி குறித்த இடைவெளிகளில் "ஏதாவது உண்டா?" என்று கேட்கும்போதுதான் பதில் சொல்லலாம். பல பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் கணினி வினாடிக்கு 125 முறை கேட்கும், அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை. கேள்வி வந்து போன மறுகணம் கால் விழுந்தால் 8 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். கேள்விக்குச் சற்று முன் விழுந்தால் காத்திருப்பே இல்லை. பாட்டின் தாளமும் கணினியின் கேள்வியும் ஒன்றையொன்று அறியாதவை என்பதால், இந்தக் காத்திருப்பு சுத்தமான சிதறல். வினாடிக்கு 1000 முறை கேட்கும்படி அமைத்தால் அது ஒரு மில்லிவினாடிக்குள் அடங்கும். வீட்டு இயந்திரத்தில் செலவேயில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது. மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்: திரையைப் புதுப்பிக்கும்போது மட்டும் உள்ளீட்டைப் பார்க்கும் நிரல், வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 16.7 மில்லிவினாடி வரை சிதறலைச் சேர்த்துவிடும்.

ஒலியும் திரையும் இன்னொரு பக்கம். கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. ஒரு தொகுதி சேர்த்து அனுப்பும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பாட்டில் 512 மாதிரிகளைச் சேர்த்தால் 11.6 மில்லிவினாடி ஆகிறது. ஒலிபெருக்கி மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் காற்றில் வந்து சேர இன்னும் ஏறக்குறைய 9 மில்லிவினாடி. தொடக்ககால இயந்திரங்களில் இருந்த பழைய படக்குழாய்த் திரை, வந்த சமிக்ஞையை வந்தபடியே வரைந்தது. இன்றைய தொலைக்காட்சிகள் படத்தைத் துலக்கி மெருகேற்றிவிட்டுக் காட்டுவதால், விளையாட்டு முறைக்கு மாற்றாவிட்டால் 50, 100 மில்லிவினாடி பிந்துவதும் உண்டு. இவை பெரிய எண்கள். ஆனாலும் பெரும்பாலும் மாறாதவை, ஆகவே கழித்துவிடக்கூடியவை. ஒலிக்கு ஒரு திருத்தமும் படத்துக்கு ஒரு திருத்தமும் கொடுத்தால் போதும். கம்பியில்லாத புளூடூத் ஒலிபெருக்கியை மட்டும் இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவினாடியைத் தாண்டும் என்பதோடு, ஒவ்வொரு இணைப்பிலும் மாறவும் செய்யும்.

சரி, எவ்வளவு கழிப்பது? ஸ்டெப்மேனியாவில் அதற்கு ஓர் அழகான வசதி இருக்கிறது. தானாகச் சரிசெய்யும் முறையைப் போட்டுவிட்டு ஆட ஆரம்பித்தால், அது 24 காலடிகளைச் சேகரித்து, குறித்த நேரத்திலிருந்து அவை சராசரியாக எவ்வளவு விலகின என்று பார்க்கும். சிதறல் குறைவாக இருந்தால் அந்தச் சராசரியையே திருத்தமாக எடுத்துக்கொள்ளும். சிதறல் அதிகமென்றால் நம்ப முடியாது என்று தள்ளிவிடும். முறையான புள்ளியியல். ஆட்டக்காரரையே அளவுகோலாக்கிவிடுகிறது.

ஆனால் அந்த அளவுகோல் எவ்வளவு நேரானது? 1910இல் நைட் டன்லப் என்ற அமெரிக்க உளவியலாளர், சீராக ஒலிக்கும் தட்டுகளோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னபோது, மனிதர்கள் சரியாக அந்தக் கணத்தில் தட்டுவதில்லை, சற்று முன்பே தட்டிவிடுகிறார்கள் என்று எழுதினார். பிறகு பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை இது. முந்துவது 20 முதல் 80 மில்லிவினாடி வரை இருக்கிறது. இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் குறைவு. வெறும் தட்டுக்குப் பதில் முழுப் பாட்டு ஒலித்தால் இன்னும் குறைந்துவிடுகிறது. தட்டுகிறவரிடம் கேட்டால் சரியாகத்தான் தட்டினேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்: விரலைவிடக் கால் அதிகமாக முந்துகிறது. இதற்குப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ழாக் பயாரும் பால் ஃப்ரேஸும் ஒரு விளக்கம் சொன்னார்கள். மூளை எதையெல்லாம் ஒரே கணமாக்கப் பார்க்கிறது? காதுவழி வந்த தட்டின் ஒலியையும், விரலோ காலோ தொட்டேன் என்று நரம்புவழி அனுப்பும் செய்தியையும். காது மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கால் ஒரு கோடியில் இருக்கிறது. இரண்டு செய்தியும் மூளைக்குள் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் கால் முன்கூட்டியே தொட்டாக வேண்டும். நரம்பின் வேகத்தை மருத்துவமனைகளில் நேரடியாகவே அளக்கிறார்கள். மணிக்கட்டு நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்தால் ஏறக்குறைய 20 மில்லிவினாடியில் மூளையின் மேற்பரப்பில் அதன் எதிரொலி தெரிகிறது. கணுக்காலில் கொடுத்தால் ஏறக்குறைய 40.

விளக்கம் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையென்று கொள்ள முடியாது. சோதித்துப் பார்த்த விதம்தான் இதில் சிறப்பு. விரலையும் குதிகாலையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னார்கள். ஓர் ஒலியைக் கேட்டதும் தூக்க வேண்டும் என்றால் விரல் முந்தியது. கட்டளை ஒன்றாகக் கிளம்பி, தொலைவு குறைந்த கைக்கு முதலில் போய்ச் சேர்கிறது. அவரவர் நினைத்த நேரத்தில் தூக்கலாம் என்றால் குதிகால் முந்தியது. திரும்பி வரும் செய்திகளை ஒன்றாக்க மூளை காலுக்குச் சலுகை கொடுக்கிறது. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடுவுணர்வும் தசையுணர்வும் மூளைக்குச் செல்லாதபடி நரம்பு பழுதான ஒரு நோயாளியிடம் இதே சோதனையைச் செய்தார்கள். அவரிடம் இரண்டு நிலையிலும் விரல்தான் முந்தியது. திரும்பி வரும் செய்தியே இல்லாதபோது, அதை ஒத்திசைக்கும் ஏற்பாடும் இல்லை. இவ்வளவு துல்லியமாக ஒரு கருதுகோளைப் பிரித்துக் காட்டும் சோதனைகள் அபூர்வம்.

இப்போது அந்த 24 காலடிகளுக்குத் திரும்புவோம். மென்பொருள் கண்டுபிடித்த சராசரியில் பலகையின் தாமதம் இருக்கிறது, யூஎஸ்பியின் தாமதம் இருக்கிறது, ஒலியின் தாமதம் இருக்கிறது. அவற்றோடு ஆட்டக்காரரின் கால்நரம்பின் நீளமும் இருக்கிறது. இயந்திரம் எவ்வளவு, மனிதர் எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் மனிதரை விலக்கிவிட்டு அளக்க வேண்டும்.

வசதியுள்ளவர்கள் அலைகாட்டியை எடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கைப்பேசியே போதும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுநகர்வுக் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.2 மில்லிவினாடி. பலகையில் கால் படுவதும் திரையில் அடையாளம் மாறுவதும் ஒரே சட்டகத்துக்குள் தெரியும்படி வைத்து எடுத்து, நடுவில் எத்தனை படங்கள் என்று எண்ணினால் மிதியிலிருந்து திரை வரை உள்ள மொத்தத் தாமதம் கிடைக்கும். ஒருமுறை எண்ணினால் பயனில்லை. முப்பது நாற்பது முறை எண்ணி, பிசகலின் பரவலைப் பார்க்க வேண்டும். ஒலிக்கு இன்னும் எளிது: ஆட்டக்காரரின் தலை இருக்கும் இடத்தில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தால், பலகையைத் தட்டும் ஓசையும் மென்பொருள் அதற்குப் பதிலாக எழுப்பும் ஓசையும் அலைவடிவத்தில் இரண்டு மேடுகளாகத் தெரியும். இடைவெளியை மில்லிவினாடிக்கும் குறைவான நுட்பத்தில் படிக்கலாம். காற்றில் ஒலி பயணித்த நேரமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இவ்வளவும் அளந்து, திருத்தத்தைப் போட்ட பிறகும், முதல்முறை ஏறி ஆடுகிறவருக்குத் தன் அடிகள் எல்லாம் சற்று முன்னதாகவே விழுவதாக இயந்திரம் சொல்லலாம். அதை இயந்திரத்தின் குறையாக எடுத்துக்கொண்டு திருகத் தொடங்க வேண்டாம். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையில், பொத்தானை அழுத்திப் பத்தில் ஒரு வினாடி அளவு கழித்து ஒரு மின்னல் தெரியும்படி வைத்தார்கள். அதே தாமதம் திரும்பத் திரும்ப வந்ததும் மூளை அதைப் பழகிக்கொண்டது. பிறகு தாமதத்தை எடுத்துவிட்டபோது, தாங்கள் அழுத்துவதற்கு முன்பே மின்னல் வந்துவிட்டதாகப் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள். மாறாத தாமதத்தை மென்பொருள் கழிப்பது போலவே மூளையும் கழித்துக்கொள்கிறது. திரை ஒவ்வோர் அடிக்கும் முன், பின் என்று சொல்லிக்கொண்டிருப்பதால் சில பாட்டுகளிலேயே கால் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும்.

ஒரே ஒருவர் ஆடுவதற்கான இயந்திரம் என்றால் 24 காலடிகளின் சராசரியை அப்படியே போட்டுவிடலாம். அவர் நரம்புக்கும் சேர்த்துத் தைத்த சட்டையாக அது பொருந்திவிடும். வீட்டில் நாலு பேர் ஆடப்போகிறார்கள், தெருப்பிள்ளைகளும் வருவார்கள் என்றால் ஒலிவாங்கியில் அளந்த எண்ணைப் போடுவதே நியாயம். எட்டு வயதுக் குழந்தையின் காலுக்கும் ஆறடி உயர இளைஞனின் காலுக்கும் நரம்பின் நீளம் ஒன்றல்ல. அதன்பிறகு, ஆட்டக்காரரின் மதிப்பெண்கள் ஒருநாள் முன்னும் ஒருநாள் பின்னுமாகச் சிதறத் தொடங்கினால் திருத்த எண்ணைத் தொடாமல் முதலில் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகாணி, நைந்த நுரைப்பட்டை, வியர்வை பட்டுத் துருவேறிய தகட்டு முனை ஆகிய மூன்றில் ஒன்று அநேகமாக அங்கே இருக்கும்.